எலும்பு ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டு பழக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு வார்டுக்குப் புதிதாக வரும் ஜூனியர் டாக்டர்களின் ஒவ்வொரு பேட்ச்சும் முந்தைய பேட்ச்சின் தவறுகளையே செய்கிறது. டோஸ் கணக்குப் பிழைகளை மேலே இருப்பவர்கள் பிடித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது, அபின் வகை வலி மருந்தான ஓபியாய்டை எழுதுவதில் நடந்து, தையல் பிரித்து மாதங்கள் கழித்து வெளிப்படும் தவறுகளைப் பற்றி.

முன்பே வலி மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் விடுவது

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். கேஸ் ஷீட்டில் 'பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை' என்று எழுதி ஹிஸ்டரியை முடித்துவிடுகிறார்கள்.

முழங்கால் மாற்று செய்துகொண்ட ஒரு அம்மா மறுநாள் வலியில் துடித்தார். வழக்கமான அளவு மருந்து போயாகிவிட்டது. "ரொம்பக் கத்தறாங்க சார்" என்றார் ஜூனியர். பையைக் காட்டச் சொன்னேன். துணிகளுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்ட டிராமடால் என்ற ஓபியாய்டு மாத்திரை அட்டைகள். மாதக்கணக்காக விழுங்கி வந்திருக்கிறார். "வியாதிக்கு என்ன மாத்திரைன்னு கேட்டாங்க, சொன்னேன். இது வலிக்குத்தானே டாக்டர்!" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை.

மருந்துக்குப் பழகிய உடம்புக்கு வழக்கமான அளவு போதாது. நீண்ட நாள் ஓபியாய்டு எடுத்தால் வலியை உணரும் தன்மையே கூடிவிடவும் வாய்ப்புண்டு. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் ஓபியாய்டு எடுக்காதவர்களில் முழங்கால் மாற்றுக்கு 6 மாதம் கழித்தும் அதை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 8 சதவீதம். முன்பே எடுத்தவர்களிலோ 53 சதவீதம். இடுப்பு மூட்டு மாற்றில் இதே கணக்கு 4 சதவீதம், 35 சதவீதம். இதைவிடப் பெரிய எச்சரிக்கை என்ன வேண்டும்?

மூட்டு மாற்று பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்வது, அவசரமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் ஆபரேஷனுக்கு முன் சில வாரங்களில் மெல்லக் குறைக்கலாம். சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. "பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். "வலி வந்தா என்ன போடுவீங்க? ராத்திரி தூங்க என்ன போடுவீங்க?" என்று கேளுங்கள். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

"சின்ன ஆபரேஷன்தானே" என்பது

2017-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், முன்பு ஓபியாய்டு எடுக்காமல் இருந்து, அறுவைக்குப் பின் அதைத் தொடர்ந்தவர்கள் சிறிய அறுவை, பெரிய அறுவை இரண்டிலும் ஏறக்குறைய அதே 6 சதவீதம். அறுவையின் அளவைவிடப் புகை, மது, மனச்சோர்வு, பதற்றம், உடம்பில் வேறிடத்து நாள்பட்ட வலி ஆகியவைதான் அபாயத்தைக் கூட்டுகின்றன. எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது.

டிராமடால் 'லேசான' மருந்து என்று நம்புவது

அதுவும் ஓபியாய்டுதான்.

தூக்க மாத்திரையையும் சேர்த்து எழுதுவது

ஓபியாய்டோடு அதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஒரு மாதத்துக்கு' என்று எழுதுவது

முதல் சீட்டில் நாட்கள் கூடக் கூட, ஒரு வருடம் கழித்தும் அதே மருந்தில் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள். சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் வீக்கம் குறைக்கும் மருந்தும் சேரட்டும். ஓபியாய்டு சில நாட்களுக்கு மட்டும், நிறுத்தும் தேதியோடு. அப்புறம், குறைக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சர்ஜன் நினைக்கிறார். சர்ஜன் எழுதியதை எப்படி நிறுத்துவது என்று தயங்கி, குடும்ப டாக்டர் அதையே மறுபடி எழுதிக் கொடுக்கிறார்.