பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

மகனோ மகளோ கலிபோர்னியாவில் இருந்தால், குன்னூர் வீடுகளில் டிக்கெட் வந்ததும் எழும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் பறக்கணும்?" டிக்கெட்டில் மதியம் 2.30க்குப் புறப்பாடு, அதே தேதி மாலை 5 மணிக்கு வருகை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரத்தில் நம்ம ஊரிலிருந்து மைசூரு போய்ச் சேருவதே சந்தேகம்!

முதலில் தூரம். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் காட்டும் ஜிசிமேப் (gcmap.com) தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளையும் நடுவில் சிறு கோடு போட்டுக் கொடுங்கள்: பெங்களூருக்கு பிஎல்ஆர், சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்எஃப்ஓ (BLR-SFO). சுமார் 14,000 கி.மீ. என்று வரும். விளம்பரம் நிரம்பி வழியும் 'தூரம் காட்டும்' தளங்கள் பல உண்டு; எனக்கு இந்தப் பழைய பாணித் தளம்தான் பிடிக்கும். அலகு கி.மீ.தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடல் மைல் என்றால் ஒன்றுக்கு 1.852 கி.மீ., சாதா மைல் என்றால் 1.609. வரைபடத்தில் கோடு வட துருவம் பக்கம் வளைந்து போகும். பயப்பட வேண்டாம், உருண்டையான பூமியில் அதுதான் குறுக்கு வழி. 2021 ஜனவரியில் இந்தத் தடத்தின் முதல் நேரடி விமானம் துருவத்தின் மேலே பறந்துதான் பெங்களூரு வந்தது.

அடுத்து வகுத்தல். பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கி.மீ. என்று வையுங்கள். 14,000 ÷ 900 = 15.55. இது 15 மணி 55 நிமிடம் இல்லை! புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60 ஆல் பெருக்குங்கள்: 33 நிமிடம். ஏற இறங்க அரை மணி சேர்த்தால் சுமார் 16 மணி நேரம்.

சரி, இதை டிக்கெட்டோடு ஒப்பிடுவோம். பலரும் சறுக்குவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் கடிகாரம். இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நேரத்தோடு 13 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். மாலை 5 மணி, நமக்கு மறுநாள் காலை 6.30 ஆகிறது. மதியம் 2.30லிருந்து எண்ணினால் 16 மணி நேரம். கணக்கு ஒத்துப்போகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். அப்போது 12 மணி 30 நிமிடம் மட்டும் கூட்டினால் போதும்.

காற்றையும் மறக்காதீர்கள். மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் காற்று கணக்கையே புரட்டிவிடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியாவின் தில்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் பசிபிக் வழியாகச் சுமார் 15,300 கி.மீ. சுற்றிப் போயும் பதினாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து காற்று தள்ளியதுதான் காரணம். அதனால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. உறுதியான விடைக்கு, விமானங்கள் பறப்பதைக் காட்டும் பிளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டு முந்தைய நாட்களின் நேரத்தைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: "பெங்களூரு விமான நிலையத்துக்குக் குன்னூர் வீட்டிலிருந்து எப்போ கிளம்பணும்?" என்ற கேள்வியும் எழும். மைசூரு வழியாகப் போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ராத்திரி கிளம்பினால் மேட்டுப்பாளையம் இறங்கி அவிநாசி, சேலம், ஓசூர் வழிதான். விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். பெங்களூரு நெரிசலுக்குத் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.