ஓய்வுக்குப் பின் தொழில்: முதலீட்டாளரைத் தேடுவது எப்படி?

பணி ஓய்வுக்குப் பின் கோவையிலோ ஈரோட்டிலோ சிறுதொழில் தொடங்குபவரிடம் பணம் போட வருகிறவர், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், இவருக்கு முடியாமல் போனால் தொழிலை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் யோசிப்பார். அதற்கான பதிலை எழுத்தில் தயார் செய்துகொண்டே புறப்பட வேண்டும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். ஆகவே பத்திரத்தில் தொடர்ச்சிக்கான ஷரத்தைச் சேர்க்கலாம், அல்லது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மையான எல்.எல்.பி.யாகப் பதிவு செய்யலாம். மகனோ மகளோ பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களைக் கேட்காமலேயே சொல்லிவிடாதீர்கள். விவரமான முதலீட்டாளர் அவர்களிடமே நேரில் கேட்பார்.

சில ஆண்டுகளில் பன்மடங்கு வளர்ச்சியை எதிர்பார்க்கும் வென்ச்சர் கேப்பிடல் நிறுவனங்கள் சிறு பட்டறைகளுக்கு ஏற்றவை அல்ல என்பதால், உங்கள் வேலையை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்து தேடலைத் தொடங்குவதே முறை. பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர் பம்புக்குள் சுழலும் பாகமான இம்பெல்லரைச் செய்துகொடுக்க லேத் பட்டறை போடுகிறார் எனக் கொள்வோம். வார்ப்புக்கான மாதிரி வடிவமான பேட்டர்னின் செலவை, பொருளை வாங்கும் கம்பெனியே ஏற்குமா என்று அவர் கேட்கலாம். வார்ப்புகளை ஃபவுண்டரிக்காரர் கடனுக்குத் தந்தால் அதுவும் முதலுக்குச் சமம். மீதிக்கு மட்டும், பணம் போட்டுவிட்டு அன்றாட வேலையில் ஈடுபடாத ஸ்லீப்பிங் பார்ட்னரைத் தேடினால் போதும். ஒர்க்கிங் பார்ட்னராகிய உங்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அதைக் கழித்த பிறகா லாபம் பிரிப்பது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். உறவுக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

மாதந்தோறும் இவ்வளவு தருகிறேன் என்று ஊராரிடம் சிறுசிறு தொகையாக வசூலிக்கவே கூடாது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்களில் பணத்தை இழந்தவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.

மானியத்துடன் வங்கிக் கடன் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு 18 வயது நிரம்பினால் போதும், உச்ச வயது வரம்பு இல்லை. மாநில அரசின் சில திட்டங்களுக்கு உண்டு. பிரதமரின் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்டமதிப்பு ஏற்கப்படுகிறது. புதிய தொழிலுக்கே உரியது என்பதால், பட்டறை போடுமுன்பே மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஓய்வூதியப் பணம் முழுவதையும் போடாமல், மருத்துவச் செலவுக்கும் வீட்டுக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு, உங்கள் பங்கை வங்கிக் கணக்கில் காட்டுங்கள். பார்ட்னர் விலக விரும்பினால் பங்கின் மதிப்பை எந்த ஆண்டுக் கணக்கை வைத்து ஆடிட்டர் நிர்ணயிப்பார், எத்தனை தவணையில் பணம் திரும்பும் என்பவையும் கையெழுத்துக்கு முன் பத்திரத்தில் இடம்பெற வேண்டும்.