பீனியாவில் அமில லைன்: எஃப்.ஆர்.பி. ஃபிளாஞ்ச் கசிவை நிறுத்திய விதம்

பெங்களூரு பீனியாவில் எங்கள் கால்வனைசிங் (இரும்புக்குத் துத்தநாகம் பூசும்) பட்டறை. துரு நீக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ரப்பர் லைனிங் போட்ட இரும்புக் குழாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. லைனிங்கில் ஊசித்துளை விழுந்தால் போதும், குழாய் காலி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 ரகம் கூட இந்த அமிலத்துக்குத் தாங்காது. அதனால் வினைல் எஸ்டர் ரெசினும் கண்ணாடி இழையும் சேர்ந்த எஃப்.ஆர்.பி. (இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக்) குழாய்க்கு மாறினோம். எடை இரும்பில் ஏறக்குறைய கால்வாசிதான். ஆட்களே தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஆனால் வால்வை ஒட்டிய ஃபிளாஞ்சில், அதாவது குழாய் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டில், கசிவு வந்தது. முடுக்க முடுக்க அதிகமானது. "அண்ணே, இன்னும் ஒரு சுத்து விடட்டுமா?" என்றான் ஃபிட்டர் தம்பி. வேண்டாம் என்று கழற்றிப் பார்த்தோம். ஃபிளாஞ்சின் கழுத்தில் மயிரிழை விரிசல்!

காரணம் இதுதான்: டெஃப்லான் லைனிங் வால்வின் முகம் நடுவில் மேடு, எஃப்.ஆர்.பி. முகமோ தட்டை. போல்ட் இறுகும்போது வெளிவிளிம்பு பிடிமானமில்லாமல் வளைகிறது. இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும், எஃப்.ஆர்.பி. பிளந்துவிடும். பழக்கப்பட்ட ஃபிட்டர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

விரிசல் ஃபிளாஞ்சை ஒட்டுப்போடாமல் வெட்டி எடுத்துவிட்டு, புதியதை கண்ணாடி இழை விரிப்பு, ரெசின் சுற்றி இணைத்தோம். வால்வு முகத்தின் மேட்டைச் சுற்றி இடைவெளியை நிரப்ப ஸ்பேசர் வளையம், இரு முகங்களுக்கும் நடுவே முழுமுக ரப்பர் கேஸ்கட், எல்லா போல்ட்டுக்கும் வாஷர். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில், குழாய் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு எதிரெதிராக, படிப்படியாக முடுக்கினோம். அப்புறம் முக்கியமானது, வால்வின் பாரத்தைக் குழாய் சுமக்காதபடி தனி ஸ்டாண்ட். தண்ணீர் விட்டு பிரஷர் டெஸ்ட் செய்தபோது ஒரு சொட்டு இல்லை. இப்போது அடுத்த லைனையும் இப்படியே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.