பழைய ஃபெனோமில் தூங்கும் இரண்டு கோர்கள்

ஏஎம்டி ஃபெனோம் 2 எக்ஸ்2 550 பிளாக் எடிஷன் வைத்திருக்கிறீர்களா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2009இல் வந்த இந்த ப்ராசஸர், நான்கு கோர் (கணக்கிடும் பகுதி) கொண்ட சில்லில் இரண்டை அணைத்து விற்கப்பட்டது. மதர்போர்டில் எஸ்பி750 சவுத்பிரிட்ஜ் (டிஸ்க், யூஎஸ்பி போன்றவற்றைக் கையாளும் துணைச் சில்லு) இருந்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ‘அட்வான்ஸ்டு கிளாக் கேலிபரேஷன்’ வசதியை ஆட்டோவில் வையுங்கள். பல சில்லுகளில் நான்கும் விழித்துக்கொள்ளும். சிலவற்றில் அந்தக் கோர்கள் உண்மையிலேயே பழுதானவை. கணினி அடிக்கடி உறைந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வேகம். மல்டிப்ளையர் (200 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) 15.5, அதாவது 3.1 கிகாஹெர்ட்ஸ். 0.5 கூட்டினால் 100 மெகாஹெர்ட்ஸ் ஏறும். அவசரப்படாமல் ஒவ்வொரு படியிலும் ப்ரைம்95 (ப்ராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள். முக்கியமான விஷயம்: கோர்களைத் திறந்தபின் கோர் வெப்பநிலை பெரும்பாலும் தப்பாகவே காட்டும். அதை நம்பாதீர்கள், மதர்போர்டு சென்சார் காட்டும் ப்ராசஸர் வெப்பத்தைப் பாருங்கள்.