ரோடு சைக்கிள் டயர்: கோடுகளைப் பார்க்காதீர்கள்

ரோடு சைக்கிளுக்கு டயர் வாங்கும்போது மேலே உள்ள கோடு, பள்ளங்களை விடுங்கள். மென்மையான ரப்பரில், 25-க்குப் பதில் 28 மில்லிமீட்டர் அகலத்தில் எடுங்கள். காற்றையும் கொஞ்சம் குறைத்து அடியுங்கள், டயர் ஓரத்தில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். சைக்கிள் டயர் குறுகலானது, வேகமும் குறைவு. கார் டயர் மாதிரி ஈர ரோட்டில் தண்ணீர்மேல் மிதந்து வழுக்காது. அதனால் தார் ரோட்டில் கோடு, பள்ளம் இல்லாத மொட்டை டயரே நன்றாகப் பிடிக்கும். கல் மாதிரி காற்றடித்த டயரோ ஒவ்வொரு சின்ன மேட்டிலும் துள்ளும்; துள்ளும் அந்த நொடியில் பிடி ஏது?

பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பழைய ஃபிரேம்கள் பலவற்றில் 28 நுழையாது, பிரேக்கில் உரசும். இடைவெளியை அளந்துவிட்டு வாங்குங்கள். சேறு, மண் பாதை என்றால் மேலே குமிழ் குமிழாக இருக்கும் பட்டன் டயர்தான் சரி.