தண்டனை கடுமையாக இருக்க வேண்டுமா, கனிவாகவா: டர்பன் மேடையில் பட்டிமன்றம் நடத்தும் முறை

‘குற்றங்களைக் குறைப்பது கடுமையான தண்டனையா, கனிவான தண்டனையா’ என்று தலைப்பு வைத்தால் பட்டிமன்றம் தொடங்கும் முன்பே பாதி கெட்டுவிடும். ஒருவர் கொலையைப் பற்றிப் பேசுவார், அடுத்தவர் கைபேசித் திருட்டைப் பற்றிப் பேசுவார். ஒருவர் சவூதிக்குப் போவார், இன்னொருவர் நார்வேக்குப் போவார். இருவரும் கடைசிவரை சந்தித்துக்கொள்ளவே மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, தலைப்பில் மூன்று விஷயங்களைக் கட்டிவைப்பது: எந்தக் குற்றம், எந்தத் தண்டனை, எந்த நாட்டில். ‘தென்னாப்பிரிக்காவில் கொலைக்கு மரண தண்டனை திரும்ப வேண்டும்’ என்பது நல்ல தலைப்பு. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நடத்துவதானால் ‘சுகர்ஸ் விற்பவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் போல ஒன்று நமக்கும் வேண்டும்’ என்பது அதைவிட நல்லது. ஹெராயின் கலந்த அந்தப் போதைப்பொருளால் பிள்ளையை இழந்த வீடுகள் அங்கே உண்டு. அரங்கில் ஒருவர்கூடத் தூங்க மாட்டார்.

தேதிக்கு நான்கு வாரம் முன்பே தலைப்பை முடிவு செய்யுங்கள். முதல் வாரம் முழுக்க உள்ளூர்ச் சட்டத்துக்கு. பெரும்பாலான பேச்சாளர்கள் இதைத் தாண்டிக் குதித்து நேராக வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ‘நம் நாட்டில் தண்டனையே கிடையாது’ என்று முழங்குகிறார்கள். அது தவறு.

இங்கே கடைசித் தூக்கு 1989 நவம்பரில். 1995 ஜூன் 6 அன்று மக்வான்யானே வழக்கில் அரசமைப்பு நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக மரண தண்டனையை நீக்கினார்கள். அதே மாதம் சிறுவர்களுக்கான பிரம்படியும் போனது. ஆனால் இரண்டே ஆண்டில் வந்த 1997-ஆம் ஆண்டின் 105-ஆம் சட்டம் குறைந்தபட்சத் தண்டனைகளைக் கொண்டுவந்தது. திட்டமிட்ட கொலைக்கு ஆயுள். மற்றக் கொலைக்கு முதல் குற்றவாளியானாலும் 15 ஆண்டு. 50,000 ராண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள போதைப்பொருள் விற்றாலும் 15 ஆண்டு. இன்று ஆயுள் தண்டனை பெறுபவர் 25 ஆண்டு கழித்த பிறகே பரோலுக்குத் தகுதி பெறுகிறார். கட்டாயமான, கணிசமான காரணம் இருந்தால் மட்டுமே நீதிபதி இந்தக் குறைந்தபட்சத் தண்டனையைக் குறைக்கலாம். ஏட்டில் இது கனிவான சட்டமே அல்ல. இதைத் தெரியாமல் மேடையேறும் கடுமை அணியை எதிரணி ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடும்.

அடுத்து கொலைக் கணக்கு. 1994-95இல் ஒரு லட்சம் பேருக்கு 60-ஐத் தாண்டியிருந்த விகிதம், தூக்கு இல்லாத காலத்திலேயே இறங்கி 2011-12இல் சுமார் 30க்கு வந்தது. பிறகு ஏறி 2022-23இல் 45 ஆனது. அந்த ஆண்டு 27,494 கொலைகள். குறைந்தபட்சத் தண்டனைச் சட்டம் இந்த இறக்கத்தின் பெரும்பகுதியிலும் பிறகு வந்த ஏற்றத்திலும் நடைமுறையில்தான் இருந்தது. இந்த ஒரு வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு இரு அணிக்கும் கொடுங்கள். எந்த அணியும் இதைத் தனக்குச் சாதகமாக மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் விவாதத்துக்கு இது உயிர்நாடி. தண்டனையின் அளவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாதென்றால் பிடிபடும் வாய்ப்பு, விசாரணை, துப்பாக்கிகள், வேலையில்லாமை என்று பேச்சு ஆழமாகப் போகும்.

இரண்டாம் வாரம் வெளிநாடுகள். மூன்று போதும், எட்டு வேண்டாம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அட்டை: சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறையில் எத்தனை பேருக்கு விழுகிறது, பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு, எண் எந்த ஆண்டுடையது, யார் எண்ணியது. ஐந்தாவது வரி காலியாக இருந்தால் அந்த அட்டையை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சிங்கப்பூர் அட்டையில் இருக்க வேண்டியவை: 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை, 2 கிராமைத் தாண்டினாலே கடத்தல் நோக்கம் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும், 2013 முதல், வெறுமனே சுமந்து சென்றவர் துப்புத் துலக்க உதவியதாகச் சான்று பெற்றால் ஆயுளும் பிரம்படியும். 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் பெயரைக் கனிவு அணி நிச்சயம் எடுக்கும். அவரிடம் இருந்தது 42.72 கிராம், அவருடைய அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69. ‘தூக்கு ஏறுவது முதலாளியா, சுமந்தவனா’ என்ற அந்தக் கேள்விக்குக் கடுமை அணி உண்மையான பதில் வைத்திருக்க வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பது பதிலாகாது.

எதிர்ப்புறம் போர்ச்சுகல். ‘அங்கே போதைப்பொருள் சுதந்திரம்’ என்று சொல்பவரை உடனே நிறுத்துங்கள். 2001 முதல் பத்து நாள் சொந்த உபயோக அளவு வரை வைத்திருப்பது குற்ற வழக்காகாது. ஹெராயினில் அது ஒரு கிராம். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதில் ஆலோசனைக் குழுவின் முன் போவார். விற்றால் சிறைதான். சுகர்ஸ் தலைப்புக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். உபயோகிப்பவனையும் விற்பவனையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசும் அணி தோற்கும், தோற்கவும் வேண்டும்.

நாடுகளை ஜோடி சேர்க்கும்போதுதான் அதிகம் சறுக்குகிறது. சிங்கப்பூரையும் டர்பனையும் நேராக வைத்தால் ஒன்றும் தெரியாது. வருமானம், காவல்துறை, துப்பாக்கி எல்லாமே வேறு. சிங்கப்பூருக்கு அருகில் ஹாங்காங்கை வையுங்கள். இரண்டும் துறைமுக நகரங்கள், நெருக்கமான குடியிருப்பு, திறமையான போலீஸ். ஹாங்காங்கில் 1966க்குப் பிறகு தூக்கு இல்லை, 1993இல் சட்டத்திலிருந்தும் எடுத்தார்கள். இரண்டு ஊரிலும் கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே.

மேடையில் இது இப்படி வரும்:

‘சிங்கப்பூரில் நடுராத்திரி பெண்கள் தனியாக நடக்கிறார்கள், காரணம் தூக்குக் கயிறு’ என்பார் ஒருவர்.

பதில்: ‘ஹாங்காங்கிலும் நடக்கிறார்கள் ஐயா, அங்கே கயிறு இல்லையே. இரண்டு ஊருக்கும் பொதுவாக இருப்பது, தப்பு செய்தவன் சீக்கிரம் பிடிபடுவான் என்ற பயம். அந்தப் பயம் நம் ஊரில் இருக்கிறதா?’

இருபது விநாடிதான். இத்தகைய மறுப்புகள் ஆளுக்கு நான்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கடுமை அணிக்கு இதைவிட வலுவான சரக்கு எல் சால்வடோர். 2015இல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கும் மேல் கொலை. 2022 மார்ச்சில் அவசரநிலை, 80,000 பேருக்கு மேல் கைது, பிறகு அரசுக் கணக்கில் விகிதம் மூன்றுக்கும் கீழ். கனிவு அணி திருப்பிக் கேட்க வேண்டியவை: சரிவு 2022க்கு முன்பே தொடங்கிவிட்டதே, போலீஸ் சுட்டுக் கொன்றவர்கள் கணக்கில் உண்டா, விசாரணையே இல்லாமல் உள்ளே இருப்பவர்களில் நிரபராதி எத்தனை பேர்? இரு பக்கமும் இங்கே நேர்மையாக மோதலாம். இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

நார்வேயைத் தொடுபவருக்கு இரண்டு எச்சரிக்கை. ‘77 பேரைக் கொன்றவனுக்கு 21 ஆண்டுதான்’ என்பது அரைகுறை. ஆபத்தானவர் என்று கருதினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொண்டே போகலாம், ஆயுள் முழுவதும்கூட. அடுத்தது, ‘நார்வேயில் 20 சதவீதம்தான் மறுபடி தப்பு செய்கிறார்கள், அமெரிக்காவில் 68’ என்ற ஒப்பீடு. முதல் எண் இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்களுடையது, மற்றது மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கைதானவர்களுடையது. இரண்டையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. இதே காரணத்தால்தான் நாடுகளுக்கிடையே கொலையைத் தவிர வேறு எண்ணை ஒப்பிட வேண்டாம். பாலியல் குற்றமும் திருட்டும் எத்தனை பேர் புகார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை. நம் போலீஸ் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதையும் மறக்க வேண்டாம்.

தில்லையாடி வள்ளியம்மையை இழுத்து வந்து ‘சிறை அநியாயம்’ என்று கண்ணீர் வரவழைப்பது இங்கே வழக்கம். அவர் அநீதியான சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர். கொலைக்குற்றவாளியைப் பற்றிய பேச்சில் அவர் பெயர் வரக்கூடாது. குறளும் அப்படித்தான்: ஓர் அணி கொடியவரைக் களை பிடுங்குவது போல ஒறுக்கச் சொல்லும் 550-ஐச் சொல்லும், மற்றது கடுமையாக ஓங்கி மெல்ல அடிக்கச் சொல்லும் 562-ஐச் சொல்லும். ஆளுக்கு ஒன்று போதும் என்று முன்பே பேசி வையுங்கள்.

கடைசி வாரம் மேடை ஒத்திகை. அணிக்கு மூவர், ஆளுக்கு ஆறு நிமிடம், ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை மணி அடியுங்கள், ஆறாம் நிமிடத்தில் இருமுறை. பிறகு தலைவர்கள் மட்டும் நான்கு நிமிட மறுப்பு. ‘லட்சம்’ என்றால் இங்கே இளையவர்களுக்குப் பிடிபடுவதில்லை; ‘நூறாயிரம் பேரில்’ என்று சொல்லிப் பழகுங்கள். மதிப்பெண் 50இல் ஆதாரத்துக்கு 20, மறுப்புக்கு 15, தமிழுக்கு 10, நேரத்துக்கு 5. மழலைத் தமிழில் சரியான எண் சொன்ன பிள்ளை, அடுக்குமொழியில் தவறான எண் சொன்னவரை முந்த வேண்டும்.

பார்வையாளர் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் வாங்குங்கள். அரங்கில் மகனைப் பறிகொடுத்த அம்மாவும் இருப்பார், மகன் சிறையில் இருக்கும் அம்மாவும் இருப்பார். உள்ளூர் வழக்கு எதையும், யார் பெயரையும் எடுக்கக்கூடாது என்று நடுவர் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். மீறினால் அந்த இடத்திலேயே மணி. தீர்ப்பில் ‘இரண்டும் வேண்டும்’ என்று வழுக்கிப் போகாமல், எந்த அணி எந்த ஆதாரத்தால் வென்றது என்று நடுவர் வெளிப்படையாக அறிவிக்கட்டும்.