டிரெய்லரின் ஒரு மூலையில் மட்டும் டயர் தேய்ந்தால்

இரட்டை ஆக்ஸில் (சக்கர அச்சு), லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வைத்த டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி. வலது பின் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிக்கொண்டே வந்தது.

முதலில் காற்றைப் பார்த்தேன். டயர் குளிர்ந்திருக்கையில் 65 பிஎஸ்ஐ, பக்கச்சுவரில் உள்ளபடியே. காற்று குறைந்தால் இரு விளிம்பும், கூடினால் நடுப்பகுதியும் தேயும்; இது அந்த ரகமல்ல. வீல் பேலன்ஸ் வீண்செலவு. டயர்களை இடம் மாற்றினால், அந்த மூலைக்கு வந்த டயரும் அதேபோல் தேய்ந்தது.

துப்பு இடப்பக்கம் இருந்தது. இடது பின் டயரின் வெளிவிளிம்பைக் கையால் தடவினால் லேசான சொரசொரப்பு. ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சு முனை) வளைந்திருந்தால் ஒரு சக்கரம்தான் கெடும். இரண்டும் இப்படி எதிரெதிராகத் தேய்ந்தால் ஆக்ஸிலே கோணியிருக்கிறது.

ஆனால் இரு ஆக்ஸில்களுக்கு இடையே அளந்தால் இருபுறமும் சமம்! ரிவர்ஸ் எடுத்து நிறுத்திய வண்டி அது. பின்னால் தள்ளும்போது ஆக்ஸில் முன்னே நகர்ந்து இணைப்பின் தளர்வை மறைத்துவிடும். நேராக முன்னே இழுத்து நிறுத்தி அளந்ததும் வலப்பக்கம் கால் அங்குலம் கூடுதல்.

ஜாக்கியை ஆக்ஸில் குழாயில் வைக்காமல் வண்டிச் சட்டத்தில் வைத்துத் தூக்கி, பின் ஹேங்கரின் (ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் தாங்கி) போல்ட்டைக் கழற்றினேன். போல்ட்டைச் சுற்றியிருக்கும் நைலான் புஷ் (உறை) கரைந்து, ஹேங்கர் துளை நீள்வட்டமாகியிருந்தது. ஹேங்கரை மாற்றி வெல்டிங். எல்லா இணைப்புக்கும் வெண்கலப் புஷ், உள்ளே கிரீஸ் செலுத்தத் துளையுள்ள கிரீஸ் போல்ட். போல்ட்டின் கிரீஸ் துளை கடிகாரத்தின் 3 அல்லது 9 மணித் திசையில் இருக்கட்டும். எடை அழுத்தும் பக்கம் இருந்தால் கிரீஸ் இறங்காது. இப்போது தேய்மானம் சீராக இருக்கிறது.